இரண்டாம் படியில் வடிவு இல்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முதல் ஓட்டுப் போடப் போன அன்று வரிசை நகரவே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியை மூடிவிட்டதால் பக்கத்து ஊர்த் தொடக்கப்பள்ளியில் பூத் போட்டிருந்தார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு சுவர். சுவரில் நான்கு படிகள் வரைந்து, கீழிருந்து மேலாக எழுதியிருந்தார்கள்: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல். படிக்கு ஒரு நிறம். படிகளின் மேல் பிள்ளைகளின் பாஸ்போர்ட் படங்கள். ஏறக்குறைய எல்லாரும் மேல்படியில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள், கோயில் கொடைவிழாவுக்கு வேன் பிடித்த கூட்டம் போல. கீழே, முதல் படியில், ஒரே ஒரு பெண். தலையைக் குனிந்திருந்ததால் படத்தில் வகிடுதான் தெரிந்தது.

அவள் யாரென்று எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற அக்காவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் வேறு மாதிரி கதை எழுதுவார்கள். ஆகவே இதில் அந்தச் சுவரும் வகிடும்தான் நான் கண்டவை. மற்றதெல்லாம் விரலில் வைத்த மை அழிவதற்குள் நானாக உண்டாக்கியது.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

‘தாமிரபரணி அன்று கலங்கி ஓடியது. அதன் கரையில் ஒரு சிறுமி தனியாக—’

விட்டுவிட்டேன். ஆறு கலங்கினால் சிறுமியின் மனமும் கலங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வீர்கள். அவள் மனம் அன்று நன்றாகத்தான் இருந்தது.

‘செல்லக்கிளி பேசமாட்டாள்.’

இது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பெயரைப் பார்த்தேன். பேசாத பெண்ணுக்குக் கிளி என்று பெயர் வைத்தால், நான் எதையோ உணர்த்த வந்திருக்கிறேன் என்று நினைப்பீர்கள். அடித்துவிட்டு அருணாசலவடிவு என்று மாற்றினேன். எல்லாருக்கும் வடிவு. ‘பேசமாட்டாள்’ என்பதையும் அடித்தேன். அவள் பேசுவாள். வீட்டில் அம்மாவிடம் பேசுவாள். வாழைக்குள் புகுந்த ஆட்டை விரட்டும்போது அந்த ஆட்டின் குலம் கோத்திரம் வரை இழுத்து வைத்துப் பேசுவாள். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியில் சுடலைச்செல்வி என்கிற கூட்டாளியிடம் மூச்சு விடாமல் பேசுவாள். கேட்டைத் தாண்டியதும் வாய் மூடிக்கொள்ளும். சாயங்காலம் கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும், காலையில் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

[காரணம் தேடாதீர்கள். முதல் பிரதியில் ஒரு காரணம் வைத்துப் பார்த்தேன்: குடித்துவிட்டு வந்து அடிக்கிற அப்பா. அந்த மனிதர் ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. வடிவின் அப்பா ராஜபாண்டி தூத்துக்குடி ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார். வரும்போது மஸ்கோத் அல்வா வாங்கி வருவார். பிள்ளையின் கூச்சத்துக்குக் காரணம் கேட்கிறவர்கள் அவள் உயரத்துக்கும் காரணம் கேட்கட்டும்.]

‘பந்து வடிவை நோக்கி வந்தது.’

இது மூன்றாவது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

பந்து வடிவை நோக்கி வந்தது. பிடிக்காமல் விட்டால் ஜன்னல் வழியே வெளியே போய்விடும், போய் எடுத்து வரும் சாக்கில் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் அவள் கை அவளைக் கேட்காமல் பிடித்துவிட்டது. பிடித்தவர் பதில் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு.

“வடிவு, தோட்டத்துல பன்னெண்டு வாழத்தாரு. முக்கால்வாசி வித்தாச்சு. மிச்சம் எத்தன?” என்றார் ஜெஸ்லின் டீச்சர்.

வடிவு மூன்று விரலைத் தூக்கினாள்.

“விரல் காட்டக் கூடாது. வாயால சொல்லு. நான் என்ன ஒன்னக் கடிச்சா திங்கப் போறேன்?”

வடிவு சுடலைச்செல்வியைப் பார்த்தாள்.

“மூணுங்கா டீச்சர்,” என்றாள் சுடலைச்செல்வி.

“அவ எங்களா சொன்னா?”

“எங்கிட்ட சொன்னா டீச்சர்.”

“எப்ப?”

“இப்பத்தான். பாத்தாள்லா.”

பெவின் எழுந்தான். அவனுக்குக் கேள்வி வராவிட்டாலும் எழுவான். “டீச்சர், அவ இவ வாய வாடகைக்கு எடுத்திருக்கா. வாரத்துக்கு ஒரு நெல்லிக்கா குடுக்கா. நான் பாத்தேன்.”

வகுப்பு சிரித்தது. வடிவும் சிரித்தாள், சத்தமில்லாமல். நெல்லிக்காய் உண்மைதான்.

அந்தப் பள்ளியில் நடந்தது படிக்கட்டு முறை. ஒரு டிரஸ்ட் கொண்டுவந்தது. (டிரஸ்டின் பெயரைத் தேட வேண்டாம். அதையும் நான்தான் கட்டினேன்.) புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். ஆட்டம், பாட்டு, முகமூடி, பந்து. அடி கிடையாது, மனப்பாடம் கிடையாது. டீச்சர் கையில் தொடுதிரையோடு ஒரு டேப். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு படியிலும் இரண்டு கட்டங்கள்: ‘ஆம்’, ‘இல்லை’. கீழ்ப்படியில் ‘ஆம்’ விழுந்தால்தான் அடுத்த படியின் அட்டைகள் திறக்கும். பேசுதலில் ‘ஆம்’ விழாத பிள்ளைக்குப் படித்தல் என்று ஒன்று இருப்பதே டேப்புக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிள்ளையை அது முதல் படிக்குத் திருப்பி அனுப்பிவிடும்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு வடிவுக்கு நாள்தோறும் வந்தது இந்த அட்டைதான்: ‘கண்ணை மூடிக்கொள். என்னென்ன ஒலிகள் கேட்கின்றன?’ அவள் மூடிக்கொள்வாள். எல்லாம் கேட்கும். பம்புசெட், மயில், பெவின். கேட்டதை யாரிடமும் சொல்லாததால் அவள் கேட்டாளா என்பதே டேப்புக்குச் சந்தேகம்.

இதற்கிடையில் அலமாரி அடுக்குகிற சாக்கில் நான்காம் படி அட்டைகளையெல்லாம் அவள் படித்து முடித்திருந்தாள். கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் நண்டு எங்கே போகும் என்று ஒரு பக்கம் எழுதி, கேட்காமலே டீச்சர் மேசையில் வைத்தாள். ஜெஸ்லின் டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு டேப்பைத் திறந்து பார்த்தார். அதை வைக்க அங்கே இடம் இல்லை.

4

ஜெஸ்லின் டீச்சரைப் பற்றி எனக்குச் சந்தேகம்.

முதலில் அவரைக் கெட்டவராக எழுதினேன். ‘நாசரேத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், இறங்கும்போதே கையில் பிரம்பு—’ இந்த முறையில் பிரம்பு கிடையாது. சரி. ‘பிரம்பு நாக்கில் இருந்தது—’ அதுவும் ஓடவில்லை. நான் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவர் பாட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய கறுப்புச் சேலையைக் கிழித்துக் காக்கா பொம்மை தைத்துக்கொண்டிருந்தார். தைத்து முடித்துக் கையில் மாட்டிக்கொண்டு வடிவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நான் டீச்சர் இல்ல. காக்கா. காக்காட்ட பேசலாம்லா?”

வடிவு காக்காவைப் பார்த்தாள். தட்டிலிருந்து ஒரு வாய் சாம்பார் சாதம் எடுத்து அதன் அலகுக்குள் வைத்தாள். டீச்சரின் மணிக்கட்டு வரை சாம்பார் இறங்கியது. காக்கா தின்றது. பேச்சு நடக்கவில்லை. டீச்சர் கைகழுவும் தொட்டியில் பொம்மையை அலசிக்கொண்டே தனியாகச் சிரித்தார்.

இவரை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் சண்டை இருக்கிறது, அதை இங்கே போட்டுவிடுகிறேன். அடிக்கிற டீச்சரிடமிருந்து ஒளிவதற்குக் கடைசி பெஞ்சு இருந்தது. சந்தோஷமாகக் கற்பிக்கிற முறையில் கடைசி பெஞ்சே கிடையாது, எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டத்துக்குக் கடைசி எங்கே? எல்லாப் பிள்ளையும் கை தட்டும்போது தட்டாத பிள்ளை தனியாகத் தெரியும். எல்லாப் பிள்ளையும் குதிக்கும்போது நிற்கிற பிள்ளையை ‘என்னம்மா, ஒடம்புக்கு என்ன?’ என்று கேட்பார்கள். சந்தோஷம் சத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

படிக்கட்டை வரைந்தவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை முதலில் கேட்கிறது, பிறகு பேசுகிறது, எழுத்து அதற்கு அப்புறம் வருகிறது என்று எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தொட்டில் பிள்ளைக்கு அது சரி. வரிசையைக் கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். படிக்குப் படி பூட்டும் போட்டுவிட்டார்கள்.

கதைக்கும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு.* கூச்சமுள்ள பெண். அவளுக்கு ஒரு கஷ்டம். பிறகு ஒரு மேடை. கடைசியில் வாய் திறக்கிறாள், எல்லாரும் கை தட்டுகிறார்கள். நீங்கள் எந்தப் படிக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் ‘ஆம்’ போடப் போவதில்லை. எழுந்து போகிறவர்கள் இப்போதே போகலாம்.

* நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கதைக்குப் படிக்கட்டு உண்டு என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. படித்த கதைகளில் இடறி இடறித்தான் அது அங்கே இருப்பது தெரிந்தது.

5

இருக்கிறவர்களுக்கு, வடிவுக்கு என்ன ஆகப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

ஐந்து முடிந்தால் ஆழ்வார்திருநகரியில் ஆறாம் வகுப்பு. அங்கே சேர, இங்கே டேப்பிலிருந்து ஒரு கார்டு அச்சாகி வரும். கார்டில் முதல் படி என்று இருந்தால் அங்கே தனி அறையில், அ ஆ எழுதுகிற பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். சுடலைச்செல்வி நான்காம் படி. அவள் வேறு அறைக்குப் போய்விடுவாள்.

வடிவின் அம்மா சுடலைமாடத்தி வாழை இலை அறுக்கிறவள். அறுத்த இலையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டே செய்தியைக் கேட்டாள்.

“ஏளா, அஞ்சு வருசம் போயும் முதல் படியிலயா நிக்க?”

“மேல் படி அட்டையெல்லாம் நான் படிச்சிட்டேன்.”

“அத டீச்சர்ட்ட சொல்ல வேண்டியதான?”

வடிவு கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துக் கட்டோடு வைத்தாள்.

“அப்ப கேட்டுக்கோ. கார்டுல முதல் படின்னு வந்துச்சுன்னா நான் அனுப்ப மாட்டேன். வளந்த பிள்ளைய மூக்கொழுகுறதுவ கூட ஒக்கார வச்சு நாலு பேரு சிரிக்கதுக்கா? அதுக்கு எங்கூட இலை அறுக்க வா. இலை ஒன்னப் பேசச் சொல்லாது.”

கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. மகளுக்கு ஒரு நிழல் தேடிக் கொடுக்கிற மாதிரிதான் சொன்னாள். அதனால்தான் வடிவுக்குப் பயமாக இருந்தது. அந்த நிழலில் போய் உட்கார்ந்துவிட அவளுக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது.

ராஜபாண்டி போனில் இருந்தார், ஹார்பர் கேட்டில் லாரி வரிசையில். “பேசலைன்னா என்னட்டி? இங்கன கிரேன்காரன்ட்ட எவன் பேசுதான்? கீழ நிக்கவன் கையக் காட்டுதான், மேல இருக்கவன் எறக்குதான். கப்பலே காலி ஆவுது.”

“ஒங்க கப்பலுக்குக் கார்டு கெடயாதுல்லா,” என்றாள் சுடலைமாடத்தி.

6

கார்டு அச்சடிக்கும் நாளில் டிரஸ்டிலிருந்து நேசக்குமார் சார் வந்தார். ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, டேப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டாம் படியில் பாக்கி ஒரே பெயர். பாடம் நடத்திக் காட்டச் சொன்னார். அட்டைக்கட்டிலிருந்து ஜெஸ்லின் டீச்சர் எடுத்தது முத்துக்குளித்தல்.

[எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிறது. வடிவின் வகுப்பில் ஒருவரும் கண்டதில்லை, அவர்கள் டீச்சரும் கண்டதில்லை. பாடங்களில் மட்டும் நாங்கள் இன்னும் தவறாமல் குளிக்கிறோம்.]

டீச்சர் அட்டையை வாசித்தார். மேசைமேல் நீலச் சேலை போர்த்தினால் கடல். ஒருவர் குளிப்பவர், இடுப்பில் கயிறு. ஒருவர் மேலே கயிறு பிடிப்பவர். சிப்பிக் கூடைக்குத் தனிக் கயிறு. குளிப்பவர் இழுக்கும்வரை மேலே இருப்பவர் இழுக்கக் கூடாது. மேலே வந்ததும், கடலடியில் கண்டதைக் குளித்தவர் வகுப்புக்குச் சொல்ல வேண்டும்.

“அந்தக் காலத்துல இந்தக் கயித்த மச்சான் கையிலதான் குடுப்பாங்களாம்,” என்றார் டீச்சர். “அக்கா தாலி போயிரக் கூடாதேன்னு அவன்தான் கண்ண எடுக்காமப் பிடிப்பானாம்.”

“டீச்சர், எனக்கு மச்சானே கெடயாது,” என்றான் பெவின்.

“ஒனக்கு எவன்லே அக்காளக் கட்டிக் குடுப்பான்? நீ முங்குனா முங்குனதுதான்,” என்றாள் சுடலைச்செல்வி. நேசக்குமார் சாரும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்குவதற்குள் வடிவு எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அட்டையை வாசித்தபோதே அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். இத்தனை வருசப் பாடத்தில் வாயை மூடியே தீர வேண்டிய வேலை இது ஒன்றுதான். கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டினாள். மறுநுனியையும் கூடைக் கயிற்றையும் சுடலைச்செல்வியிடம் கொடுத்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, காதில் செருகிய பென்சிலோடு, நீலச் சேலைக்குள் போனாள். உள்ளே பழைய காலண்டர்த் தாளில் வெட்டிய சிப்பிகள் கிடந்தன.

ஜெஸ்லின் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ‘இதோ, பேசப் போகிறாள்.’

எல்லாரும் காத்திருந்தார்கள். கயிறு அசையவில்லை.

“ஏம்மா, மேல இழு,” என்றார் நேசக்குமார் சார்.

“அவ இழுக்கல்லியே சார்.”

“பரவால்ல, நீ இழு.”

“அவ இழுக்காம நான் இழுக்கக் கூடாது சார். அட்டையில போட்டிருக்கு.”

சார் அட்டையை வாங்கிப் பார்த்தார். போட்டிருந்தது. அதை எழுதிய குழுவில் அவரும் ஒருவர்.

“மூச்சு முட்டிச் செத்திருப்பா சார்,” என்றான் பெவின்.

அப்போது கூடைக் கயிறு ஆடியது. சுடலைச்செல்வி இழுத்தாள். கூடை மட்டும் வந்தது. காலண்டர்ச் சிப்பிகளின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்தார்.

‘கடலுக்கு அடியில் கால்கள் இருக்கின்றன. புது சாரின் சாக்ஸில் இடது பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. பெவின் ஒற்றைக் காலில் நிற்கிறான், அவனுக்கு ஒன்றுக்கு வருகிறது, கேட்க வெட்கம். ஜெஸ்லின் டீச்சர் கால்விரல்களை மடக்கி மடக்கி விரிக்கிறார். நான் பேசாவிட்டால் அவருக்குத் திட்டு விழும் போலிருக்கிறது. சுடலைச்செல்வியின் கால் ஆடவில்லை. இங்கே நன்றாக இருக்கிறது.’

“பொய்யி டீச்சர்,” என்று சொல்லிக்கொண்டே பெவின் வெளியே ஓடினான்.

நேசக்குமார் சார் இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு சிப்பியை வாங்கி இன்னொரு தடவை தனக்குள் படித்தார்.

“நல்லா எழுதுதா,” என்றார். “ஆனா டீச்சர், இது நாலாம் படில்லா. நாம பாக்கது ரெண்டாம் படி. வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், ஆம் போட்டுட்டுப் போயிருதேன்.”

ஜெஸ்லின் டீச்சர் கால்விரல்களை மடக்குவதை நிறுத்தினார்.

“சார், அதுல மூணாவது கட்டம் இல்லையா?”

“மூணாவதா? என்னன்னு?”

“இவளுக்கு இது வேண்டாம்னு.”

“அப்படி ஒரு கட்டம் இல்லம்மா.”

“பிள்ளை இருக்கு சார்,” என்றார் ஜெஸ்லின் டீச்சர். “கட்டந்தான் இல்ல.”

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் வாசலில் வந்து நிற்கின்றன.

(அ) ‘வடிவு சேலையை விலக்கிக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். உதடுகள் நடுங்கின. “டீச்சர்...” என்றாள். வகுப்பே—’

அந்த ‘வகுப்பே’க்குப் பின்னால் கைதட்டல் காத்துக்கொண்டு நிற்கிறது. கதவைச் சாத்துகிறேன்.

(ஆ) நேசக்குமார் சார் இரக்கமுள்ளவர். யாரும் பார்க்காதபோது ‘ஆம்’ போட்டுவிடுகிறார். வடிவு ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். சுடலைமாடத்தி இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வாள். எனக்கும் இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் பேசாதவளைப் பேசினாள் என்று எழுதித்தான் மேலே ஏற்ற முடியுமென்றால், படியும் பூட்டும் அப்படியே இருக்கும். அடுத்த வருசம் அங்கே இன்னொருத்தி நிற்பாள். அவளுக்குக் கயிறு பிடிக்க ஒரு சுடலைச்செல்வி கிடைப்பாள் என்று யார் சொன்னது?

(இ) அவர் ‘இல்லை’ போடுகிறார். கார்டு வருகிறது. விடிந்தால் வாழைத்தோட்டம்.

இந்த முடிவை எழுத எனக்குக் கற்பனை தேவைப்படாது. அதனாலேயே எழுத மாட்டேன்.

8

நீங்கள் கேட்பீர்கள்: சுவரில் படம் முதல் படியில்தானே இருந்தது, அப்படியென்றால் (இ) தானே நடந்தது? இருந்தது. படத்துக்கு ஏறத் தெரியாது. வகிட்டுக்குச் சொந்தக்காரி எங்கே போனாள் என்பதைச் சுவர் சொல்லவில்லை. வாத்தியார்மார் ஒட்டியதை மட்டும்தான் சுவருக்குத் தெரியும்.

ஆகவே அவளை நான் வெளியே கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவர்கள் போதும். நேசக்குமார் சாரின் விரல் இரண்டு கட்டங்களுக்கும் மேலே நிற்கிறது, அங்கேயே நிற்கட்டும். மூன்றாவது கட்டத்தை எங்கே வரைவது என்று அவர் யோசிக்க வேண்டும். அவசரமில்லை. ஜெஸ்லின் டீச்சர் அவர் எதிரே நிற்கிறார், அவரும் நகரப் போவதில்லை.

சுடலைச்செல்விக்குத்தான் கை வலிக்கிறது. கயிற்றைக் கொஞ்சம் பிடியுங்கள். நீங்கள் வடிவுக்கு மச்சான் முறை இல்லைதான், ஆனால் இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். இறுகவும் வேண்டாம், தளரவும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் ஆள் இருப்பது கைக்குத் தெரியும்.

அவள் இழுக்கும்வரை நீங்கள் இழுக்கக் கூடாது. அட்டையில் போட்டிருக்கிறது.